வேறு கணினிக்கு மாற்றிய ரெய்டு வட்டுகளை இயக்குவது எப்படி?

தாய்ப்பலகை போய்விட்டது, எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) மூலம் அமைத்த ரெய்டு 1 ஜோடியை (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும் வட்டுகள்) கழற்றி, உபுண்டு ஓடும் வேறு கணினியில் மாட்டியாகிவிட்டது. இனி வேண்டியது ‘அசெம்பிள்’, அதாவது இருக்கும் வட்டுகளை மீண்டும் சேர்ப்பது மட்டுமே. பதற்றத்தில் ‘கிரியேட்’ கொடுத்தால் வட்டின் ரெய்டு குறிப்புகள்மேல் புதிதாக எழுதிவிடும்; தரவு போவது பெரும்பாலும் இப்படித்தான். (கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டுவது ஆங்கிலச் சின்ன எழுத்தில். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘சூடோ’ (நிர்வாகி அனுமதி).)

முதலில் ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து வட்டுகளின் பெயரைப் பாருங்கள். எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் சோதியுங்கள்:

எம்டிஏடிஎம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிபி1

‘அரே யூயூஐடி’ (ரெய்டு தொகுப்பின் அடையாள எண்) இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஈவன்ட்ஸ்’ (தொகுப்பில் நடந்த மாற்றங்களின் கணக்கு) எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த வட்டு முன்பே கழன்றுவிட்டது, அதிலிருப்பது பழைய தரவு.

அடுத்து ‘கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்’. வட்டை மாட்டியதுமே உபுண்டு எம்டி127 என்ற பெயரில் அரைகுறையாகச் சேர்த்து, ‘இனாக்டிவ்’ என்று விட்டிருக்கலாம். அப்படியே அசெம்பிள் செய்தால் ‘பிஸி’ என்று மறுக்கும். எனவே நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்:

எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி127
எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ரீட்ஒன்லி /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1

எம்டிஸ்டாட்டில் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ வந்தால் இரண்டு வட்டும் சேர்ந்துவிட்டன. ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் என்றால் ஒன்று இல்லை. ஒரு வட்டுதான் கையில் இருக்கிறதா? அதே கட்டளையில் அதை மட்டும் கொடுத்து, ‘--ரன்’ சேருங்கள். ரெய்டு 5-இலும் ஒன்று குறைந்தால் இது போதும். ‘--ஃபோர்ஸ்’ பக்கம் மட்டும் வட்டுகளை நகலெடுக்காமல் போகாதீர்கள்.

‘மவுன்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/எம்டி0 /எம்என்டி’ கொடுத்துக் கோப்புகளைப் பாருங்கள். திடீரென மின்சாரம் போன இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை என்றால், ஜர்னலை (நிலுவை மாற்றங்களின் குறிப்பேட்டை) எழுத வழியில்லை என்று மறுக்கும். ‘ஆர்ஓ,நோலோட்’ என்று கொடுத்தால் திறக்கும். முக்கியமானவற்றை வெளியே நகலெடுத்து, மவுன்ட்டை எடுத்துவிட்டு, ‘எம்டிஏடிஎம் --ரீட்ரைட் /டெவ்/எம்டி0’. விடுபட்ட வட்டுக்குப் பதில் புதியதை ‘எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிசி1’ என்று சேர்க்கலாம். பெரிய வட்டென்றால் ஒத்திசைய மணிக்கணக்கில் ஆகும்.

எம்டி0 என்ற பெயர் நிலைக்க:

எம்டிஏடிஎம் --டீடெயில் --ஸ்கேன் | சூடோ டீ -ஏ /இடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப்
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ

முதல் வரியில் ‘டீ’க்கு முன்னாலும் சூடோ இல்லையென்றால் அனுமதி மறுக்கப்படும். இரண்டாவதை (கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பைப் புதுப்பிப்பது) விட்டால் மறுதொடக்கத்தில் எம்டி127 திரும்ப வந்து நிற்கும்.