யன்னல் பலகை காற்றில் எவ்வளவு வளையும்? கணக்கிடும் முறை

கல்லடியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டு யன்னலை வாடைக் காலத்தில் மூடுவதற்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட் போதுமா, 15 வேண்டுமா என்று ஓடாவியாரும் நானும் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். அவர் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "15 போடுங்க தம்பி" என்றார். நான் கணக்குப் போட்டேன். கணக்கு முதலில் என் பக்கம் நின்றது; பிழையைத் திருத்தியதும் அவர் பக்கம் போய்விட்டது. அந்தப் பிழை எங்கே இருந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி, காற்றின் வேகத்தை அழுத்தமாக மாற்றுவது. வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று எழுதி, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் பஸ்காலில் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர்; அழுத்தம் ஏறத்தாழ 463 பஸ்கால். நான் அதை 500 என்று எடுத்துக்கொண்டேன். 900 மில்லிமீற்றர் அகலமும் 1200 மில்லிமீற்றர் உயரமும் உள்ள பலகையில் இது 540 நியூற்றன் விசை, அதாவது ஒரு சீமெந்து மூட்டையை விடச் சற்றுக் கூடிய பாரம். திருகாணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது படி, பலகை எங்கே தாங்கப்படுகிறது என்று பார்ப்பது. எங்கள் பலகை இடம் வலம் இரண்டு சட்டங்களில் மட்டும் பொருந்துவதால், தாங்கும் இடைவெளி 900 மில்லிமீற்றர். உயரம் கணக்குக்குள் வராது. எனவே 1 மில்லிமீற்றர் அகலமான கீற்று ஒன்றை மட்டும் எடுத்தாற் போதும். தடிப்பின் கனத்தை (மும்மடியை) 12 ஆல் வகுத்தால் அதன் பரப்புத் திருப்பம், அதாவது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் எண், வரும்: 12 மில்லிமீற்றர் பலகைக்கு 144.

மூன்றாவது படி இந்தச் சூத்திரம் (யங்கின் மட்டு என்பது பொருளின் விறைப்பைக் காட்டும் எண்):

வளைவு = (5 × அழுத்தம் × இடைவெளியின் நான்காம் அடுக்கு) ÷ (384 × யங்கின் மட்டு × பரப்புத் திருப்பம்)

அழுத்தத்தை 0.0005 என்றும் (சதுர மில்லிமீற்றருக்கு நியூற்றன்), யங்கின் மட்டை அதே அலகில் 6000 என்றும் இட்டபோது 4.9 மில்லிமீற்றர் வந்தது. இடைவெளியின் 150இல் ஒரு பங்கு, அதாவது 6 மில்லிமீற்றர், என்பதே நான் வைத்துக்கொண்ட எல்லை என்பதால் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

தவறு அந்த 6000இல் இருந்தது. பிளைவூட்டின் மேற்தாளில் நார் ஓடும் திசையில் விறைப்பு கூடுதல், அதற்குக் குறுக்கே குறைவு. எங்கள் பலகையிலோ நார் நிலைக்குத்தாக நிற்க, வளைவு கிடையாக நிகழ்கிறது. எந்த அட்டவணையையும் நம்பாமல் இதை வீட்டிலேயே அளக்கலாம். அதே தட்டில் மிஞ்சியதிலிருந்து 100 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு கீற்றுகளை, ஒன்றை நார் வழியாகவும் மற்றதை நாருக்குக் குறுக்காகவும் வெட்டி, 800 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு செங்கற்களின் மேல் ஒவ்வொன்றாகக் கிடத்தி, நடுவில் 2 லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிறுத்தினேன். முதலாவது 2.4 மில்லிமீற்றர் தாழ்ந்தது, இரண்டாவது 4. நடுவிற் பாரம் வைக்கும்போது சூத்திரம் வேறு:

மட்டு = (பாரம் × இடைவெளியின் கனம்) ÷ (48 × வளைவு × பரப்புத் திருப்பம்)

பாரம் 19.6 நியூற்றன், கீற்றின் பரப்புத் திருப்பம் 14400 (100 × 144) என்று இட்டால் முதலாவதுக்கு ஏறத்தாழ 6000, இரண்டாவதுக்கு 3600 வருகிறது. 3600ஐ வைத்து மேலே போட்ட கணக்கைத் திரும்பச் செய்தால் வளைவு 8.2 மில்லிமீற்றர், எல்லைக்கு வெளியே. தடிப்பை 15 ஆக்கினால் பரப்புத் திருப்பம் 281 ஆகி, அதே மட்டிலேயே 4.2 ஆகக் குறைகிறது. பலகையைத் திருப்பி வெட்டி நாரைக் கிடையாக்கியிருந்தால் 12 போதுமாக இருந்திருக்கும். ஆனால் கடையில் ஏற்கெனவே வெட்டித் தந்துவிட்டார்கள்.

அளப்பதற்கு இழுத்துக் கட்டிய நூலும் உருக்கு அடிமட்டமும் போதும். வேர்னியர் இருந்தால் நல்லது. கைப்பேசிச் செயலிகளை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அவற்றில் எந்த அலகு உள்ளே போகிறது என்பது தெரிவதில்லை. சாதாரணக் கணிப்பானும் ஒரு தாளும் இருந்தால் பிழையைப் பிடிக்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு 59 மில்லிமீற்றர் வளைவு வந்ததாம். வேகத்தை மாற்றாமல் 100ஐ அப்படியே வர்க்கமாக்கியதால் அழுத்தம் 6000 பஸ்கால் ஆகிவிட்டது. கிலோமீற்றரை 3.6 ஆல் வகுத்த பிறகே வர்க்கமாக்க வேண்டும்.

இன்னொருவர் மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயலை நினைவூட்டினார். வேகம் இரட்டித்தால் அழுத்தமும் வளைவும் நான்கு மடங்காகும் என்பதால், அத்தகைய காற்றுக்கு 15 மில்லிமீற்றரும் எல்லைக்குள் நிற்காது. அதற்கு நடுவில் நிலைக்குத்தாக ஒரு தடித்த ரீப்பையை வைத்து, அதையும் மேலும் கீழும் சட்டத்தில் இறுக்கி, இடைவெளியை 450 ஆக்குவதே மலிவான வழி. இடைவெளி பாதியானால் வளைவு 16இல் ஒரு பங்காகிறது. எங்கள் யன்னலில் அதையும் ஓடாவியார்தான் பொருத்தினார்.