ரெட்ஷர்ட் கணக்கு: பேலன்ஸ் மிச்சமாகும், வேலிடிட்டி ஓடும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில், இரண்டாம் வருடம் படிக்கிற பையனை வர்ணனையாளர் 'ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மன்', அதாவது ஒருவகை முதல் வருடக்காரர், என்று சொன்னபோது குழம்பிப்போனேன். பிறகு பழைய ப்ரீபெய்ட் சிம்மை நினைத்துக்கொண்டதும் தெளிந்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் உச்சப் பிரிவு, டிவிஷன் 1-இல் 2025 சீசன் வரை இருந்த விதிகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 'பேலன்ஸ் 4', இன்னொன்றில் 'வேலிடிட்டி 5' என்று எழுதுங்கள். நான்கு சீசன் ஆடலாம். அதை ஐந்து வருடத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும். ரெட்ஷர்ட் என்பது ஒரு வருடம் ஆட்டத்தில் இறங்காமல் இருந்து, முதல் கட்டத்தில் ஒன்று குறையாமல் காப்பாற்றுவது. இரண்டாவது கட்டத்தை அது தொடவே தொடாது. புதியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான்.

படி 2: வேலிடிட்டி எப்போது தொடங்கியது என்று பாருங்கள். முதல் ஆட்டம் ஆடிய நாளைப் பார்க்கக் கூடாது. ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாள்தான் கணக்கு. இரண்டு வருட ஜூனியர் காலேஜில் சேர்ந்தாலும் ஓடத் தொடங்கிவிடும். ராணுவ சேவை, சர்ச் ஊழியப் பயணம், கர்ப்பம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு.

படி 3: ஒவ்வொரு வருடமும் பேலன்ஸ் குறைந்ததா என்று குறியுங்கள். ரெட்ஷர்ட் வருடத்தில் பையன் வகுப்புக்குப் போவான், பயிற்சி செய்வான், ஸ்காலர்ஷிப்பும் வாங்கலாம். மைதானத்தில் மட்டும் இறங்க மாட்டான். கூடைப்பந்தில் சீசன் ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கினாலும் அந்த சீசன் போச்சு. ஃபுட்பாலில் 2018 முதல் கொஞ்சம் தாராளம்: நான்கு ஆட்டம் வரை ஆடலாம், சீசன் கழியாது. வழக்கமான சீசனின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரே ஒரு முறை களமிறங்கினாலும் கழிந்துவிடும்.

இந்த விதி வந்த வருடமே கெல்லி பிரையன்ட் என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) இதைப் பயன்படுத்திக்கொண்டார். 2015-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 2017 முடிவில் மூன்று சீசன் செலவு, மிச்சம் ஒன்று. 2018-இல் நான்கு ஆட்டம் ஆடியபின், இனி டிரெவர் லாரன்ஸ்தான் முதல் குவார்ட்டர்பேக் என்று கோச் சொல்லிவிட்டார். பிரையன்ட் ஐந்தாவது ஆட்டத்துக்கு நிற்கவில்லை, கிளம்பிவிட்டார். அந்த ஐந்தாவது ஆட்டத்திலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் வந்து ஜெயிக்கவைத்தார் என்பது தனிக் கதை.

அவர் கணக்கு இப்படி வரும்:
2015, 2016, 2017: ஆடினார். பேலன்ஸ் 1.
2018: நான்கே ஆட்டம். பேலன்ஸ் அப்படியே 1.
2019: மிசௌரி அணிக்கு ஆடினார். பேலன்ஸ் 0, வேலிடிட்டியும் 0.

அந்த 2018-இல் கிளெம்சன் தேசிய சாம்பியன் ஆனது. மிச்சம் பிடித்த ஒரு சீசனுக்கு அவர் கொடுத்த விலை அது. என்னைக் கேட்டால், மறுபடி முதல் ஆளாக ஆட நினைத்தவருக்கு வேறு வழி இல்லை.

படி 4: காயம் இருந்தால் தனியாகப் பாருங்கள். இதை மெடிக்கல் ரெட்ஷர்ட் என்பார்கள். சீசனின் முதல் பாதியில் அடிபட்டிருக்க வேண்டும். அந்த சீசனில் இனி ஆட முடியாத காயமாக இருக்க வேண்டும். ஆடியது மூன்று ஆட்டம் அல்லது மொத்தத்தில் 30 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. மருத்துவ ஆவணங்களோடு மனு போட்டால் அந்த சீசன் பேலன்ஸுக்குத் திரும்பும்.

படி 5: கடைசியாக இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். எது சிறியதோ அதுதான் பாக்கி. முதல் வருடம் ரெட்ஷர்ட், நான்காம் வருடம் காயம் என்றால் ஐந்தாம் வருடம் ஆடிய பிறகும் பேலன்ஸில் ஒன்று நிற்கும், ஆனால் வேலிடிட்டி முடிந்திருக்கும். ஆறாம் வருடம் வேண்டுமென்றால் வேலிடிட்டியை நீட்டிக்கத் தனி மனு போட வேண்டும், தானாக வராது. கேட்காமலே எல்லாருக்கும் நீட்டித்தது கொரோனா சமயத்தில்தான். 2020-21 அணிப் பட்டியலில் பெயர் இருந்தால் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போட்ட கணக்கைக் விதிகளைக் கவனிக்கிற கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.