டிஸபிலிட்டி பென்ஷன் கைநழுவுவது எங்கே?

ராணுவத்திலிருந்து வரும் தம்பிகள், பணியால் வந்த நோய்க்கும் காயத்துக்கும் தரும் டிஸபிலிட்டி பென்ஷனைக் கேட்டு, நிராகரிப்புக் கடிதத்தோடு வந்து நிற்கிறார்கள். எங்கள் செட் ஆட்கள் செய்த அதே தவறுகள்தான். பெயரில் எழுத்துப் பிழை, விட்டுப்போன நகல் போன்றவற்றை பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸே திருப்பி அனுப்பிக் கேட்கும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாக்குமூலத்தில் 'நில்' (ஒன்றுமில்லை) எழுதுவது

பணியிலிருந்து வெளியே வரும்போது உடம்பைச் சோதிக்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டின் படிவத்தில் உங்கள் சொந்த வாக்குமூலத்துக்கு ஒரு பகுதி உண்டு. எங்கெங்கே இருந்தீர்கள், அது பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி), பணியில் நடந்த எது உங்கள் நோயை உண்டாக்கியது அல்லது கூட்டியது என்று அதில் கேட்பார்கள். ஊருக்குப் போகிற அவசரத்தில் அங்கே 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பலருக்கு அதையும் கிளார்க்தான் எழுதுகிறார். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. சேரும்போது உடம்பில் ஒரு குறையும் பதிவாகவில்லை. லடாக்கில் இருந்துவிட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு இறங்கிய சில வாரங்களில் பிரஷர் தெரியவந்தது. போர்டு உடல் பாதிப்பு 30 சதவீதம் என்று கொடுத்தது. ஆனால் 'பீஸில் தொடங்கியது. பணியால் வரவில்லை, பணியால் கூடவும் இல்லை' என்று எழுதிவிட்டது. என்ஏஎன்ஏ என்கிறோமே, அதுதான். 20 சதவீதம் இருந்தாலே போதும் என்பது சரி, ஆனால் பணித்தொடர்பை ஏற்காவிட்டால் அந்த 30-க்கு ஒரு பைசா வராது. அவருடைய வாக்குமூலத்தில் லடாக் என்ற பெயரே இல்லை.

'சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதே அண்ணே' என்பார்கள். இருக்கிறது. சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னார்கள். போர்டு காரணமே எழுதாமல் மறுத்த வழக்கு அது. உங்கள் போர்டு காரணம் எழுதியிருந்தால், அதை மறுக்க உங்கள் பக்கமும் தாளில் ஏதாவது இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருபவர்களுக்குப் புதிய விதிகள் வேறு வந்துவிட்டன.

அதனால் இடம், தேதி, முதலில் தலைசுற்றிய நாள், எம்ஐ ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறை) போனது என எல்லாவற்றையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இன்ஜூரி ரிப்போர்ட்

எப்படி அடிபட்டது என்பதைப் பதிவு செய்யும் தாள் இது. அடிபட்ட யூனிட்டை விட்டு மாறும் முன்பே வாங்கிவிடுங்கள்.

லீவில் அடிபட்டால்

லீவில் இருந்தது மட்டும் போதாது. அந்தக் காயத்துக்கும் பணிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும்.

அப்பீலைத் தள்ளிப்போடுவது

முதல் அப்பீலுக்கு ஆறு மாதம். அதையும் விட்டவர்கள், எத்தனை வருடம் ஆனாலும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால், தாமதத்தை மன்னித்து வழக்கை எடுப்பது உண்டுதான். அரியர் மட்டும் பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நின்றுவிடும். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் வந்த வரம்பு அது. பத்து வருடம் கழித்துச் சென்னை அமர்வில் மனு போட்டு ஜெயித்தாலும், ஏழு வருடப் பணம் போனது போனதுதான்.