புது ஸ்பீக்கரில் முதலில் பழைய பாட்டு

நல்ல ஸ்பீக்கர் வாங்கியதும் டெமோ பாட்டு போடாதீர்கள். நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். எது புதிதாகக் கேட்கிறது என்று காது உடனே சொல்லிவிடும். எனக்குப் பல்லவிக்கு முன் பாடகி மூச்சிழுப்பது கேட்டது; இருபது வருடமாகக் கேட்கும் பாட்டு, அன்றுதான் அது காதில் விழுந்தது! நொடிக்கு 128 கிலோபிட் தகவல் மட்டுமே உள்ள எம்பி3 வேண்டாம், சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கிறது.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர், அதாவது பெட்டிக்குள் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், காது உயரத்தில் இருக்கட்டும். தபேலாவின் இடக்கை அடி 'கும்ம்' என்று இழுத்துக்கொண்டே போனால், பெரும்பாலும் ஸ்பீக்கர் சுவரையோ மூலையையோ ஒட்டியிருக்கும். ஓர் அடி முன்னே நகர்த்தி, பாட்டின் அதே இடத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள்.