லயத்து வாசலில் நாட்குறிப்பு: கொப்பியைக் கெடுக்கும் தவறுகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாட்குறிப்பு எழுதுபவர், வீட்டுக்கு ஒரு கொப்பி, மழைக்கும் குருவிக்கும் இன்னொரு கொப்பி என்று பிரித்து எழுதுவதுதான் முதல் தவறு. வேறு ஊரில் அது சரிப்பட்டு வரலாம். தோட்டத்தில் மழை வலுத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) அரைப் பேராகும். அரைப் பேர் விழுந்தால் கடையில் வாங்கும் மாவும் குறையும். இதை இரண்டு கொப்பியில் வெட்டிப் போட்டுவிட்டால், எதனால் எது வந்தது என்று பிறகு எவராலும் கோத்துப் பார்க்க முடியாது. ஒரே பக்கத்தில், ஒரே திகதியின் கீழ் எழுதுங்கள்.

அடுத்தது, செய்தியில் கேட்ட வாக்கியத்தை அப்படியே இறக்கி வைப்பது. "ஊரடங்கால் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கினோம்." 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்குக் கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது உண்மைதான். ஆனால் தேயிலைத் தோட்டங்களில் வேலை நடந்தது. வீட்டில் யார் மலைக்குப் போனார், யார் நின்றார், காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டில் எத்தனை அடி இடைவெளியில் நிற்க வைத்தார்கள், 10க்கு 12 அடி காம்பராவில் (அறையில்) எத்தனை பேர் படுத்தார்கள், காய்ச்சல் வந்தவரை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) படுக்க வைத்தார்களா, இவைதான் உங்கள் கொப்பியில் மட்டும் இருக்கக்கூடியவை. மற்றதெல்லாம் பத்திரிகையில் கிடைக்கும்.

எல்லாக் காலத்தையும் "லொக்டவுன்" என்ற ஒரே சொல்லில் அடைப்பதும் குழப்பம். 2020 மார்ச்சில் ஊரடங்கு; 2021 மே 21 முதல் ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு; 2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணி முதல் ஒக்டோபர் 1 அதிகாலை 4 மணி வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஒவ்வொன்றிலும் விதி வேறு. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே விட்ட நாட்களில், உங்கள் வீட்டில் யாருடைய இலக்கத்துக்கு எந்த நாள் விழுந்தது என்று எழுதினால், டவுனுக்குப் போனவர் யார் என்பதும் தானாக விளங்கும்.

இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள்:

"இன்றும் மழை. கொழுந்து இல்லை. சாமான் விலை கூடிவிட்டது. வாசலில் அழகான குருவி. மனசு சரியில்லை."

இதில் பொய் ஒன்றுமில்லை, பயனும் இல்லை. அதே நாளை இப்படி எழுதலாம்:

"12.06.2021, சனி. காலை 8.30க்கு மழை 31 மி.மீ. பயணக் கட்டுப்பாடு. அம்மா மலைக்குப் போனார். 11 மணிக்கு மழை கொட்டி வேலை நின்றது. கொழுந்து 9 கிலோ, அரைப் பேர். மா 2 கிலோ, கடன். தண்ணீர்ப் பீலியடியில் வாலாட்டி இல்லை (6.40–6.50). தம்பிக்குப் பெரிய கல்லுக்கு மேலே மட்டும் சிக்னல்; மழையில் ஏற முடியாமல் வகுப்பு போயிற்று. இரவு 2 மணி வரை தூக்கமில்லை."

"மனசு சரியில்லை" என்று தனியாக எழுத வேண்டிய தேவையே இங்கு இல்லை.

"வாலாட்டி இல்லை" என்ற வரியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். கண்டதை மட்டும் எழுதி, காணாததை எழுதாமல் விடுவது இயற்கைக் குறிப்பில் பெரிய ஓட்டை. வயிற்றுப் பக்கம் மஞ்சளாக, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பீலியடியில் நடக்கும் சாம்பல் வாலாட்டி வலசை வரும் பறவை. ஜூனில் அது இங்கே இருக்காது. ஆண்டின் பிற்பகுதியில் எந்த நாளில் முதலில் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்திய நாட்களில் பார்த்தும் காணவில்லை என்ற எழுத்து வேண்டும். ஒரே இடம், ஒரே நேரம், 10 நிமிடம். அவ்வளவு போதும். நாள் முழுக்கப் பார்க்கிறேன் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள்.

மழை அளப்பதில் நடக்கும் பிழைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1.5 லீட்டர் சோடாப் போத்தல் போதும். ஆனால் இடுப்பு ஒடுங்கிய போத்தல் கூடாது, பக்கம் நேராக இருக்க வேண்டும். தோள் முடிந்து உடல் நேராகும் இடத்தில் வெட்டி, மேல்துண்டை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். சிறு கல் போட்டு, மேடு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அடிமட்டம் எனும் அளவுகோலின் பூச்சியத்தை அந்தக் கோட்டில் வைத்து ஒட்டுங்கள். ஏறிய உயரம் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மில்லிமீற்றர் மழை. வாய் அகலமும் உடல் அகலமும் வேறான பாத்திரம் என்றால், விழுந்த தண்ணீரை மில்லிலீட்டரில் அளந்து வாயின் பரப்பால் வகுத்து 10ஆல் பெருக்க வேண்டும். வாய் 10 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 157 மில்லிலீட்டர் சேர்ந்திருந்தால் மழை 20 மி.மீ.

இவ்வளவும் செய்துவிட்டுப் போத்தலைத் தகரக் கூரையின் ஓரத்தில் வைப்பார்கள்! அப்போது அளப்பது கூரைத் தண்ணீரை. கூரை, சவுக்கு மரம், எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, மரக்கறிப் பாத்தியில் ஒரு கம்பு நட்டு, வாய் நிலத்திலிருந்து ஓர் அடிக்கு மேலே இருக்கும்படி கட்டுங்கள். தாழ வைத்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீரும் விழும். காலை 8.30க்குப் பாருங்கள், வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30 வரையான 24 மணி நேரத்தைத்தான் கணக்கெடுக்கிறது. வெயில் நாளில் பூச்சியக் கோட்டுக்குக் கீழே நீர் வற்றியிருந்தால் நிரப்பி விடுங்கள். கொட்டும் நாளில் நீர் புனல் வாயைத் தொட்டுவிட்டால் அளவு பிழைக்கும். அன்று மாலையும் ஒரு தடவை அளந்து ஊற்றி, இரண்டையும் கூட்டுங்கள்.

உங்கள் அளவை வேறு மலைச்சாரலோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். வடகீழ் மழை வந்தால் நிலைமை மாறும். எந்தச் சாரல் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெயர் தெரியாத பறவைக்கு அவசரமாகப் பெயர் வைப்பது இன்னொன்று. கறுப்பு வெள்ளை என்றதும் குண்டுக்கரிச்சான் என்று எழுதுவார்கள். தேயிலைச் செடியின் நுனியிலோ வேலிக் கம்பியிலோ வெளிப்படையாக உட்கார்ந்து, நிலத்தில் பூச்சி கண்டால் சட்டென்று இறங்கும் சிறிய குருவி புதர்ச்சிட்டாக இருக்கலாம். சுமார் 13 செ.மீ.தான். கரிச்சான் அதைவிடப் பெரிது, வாலை நிமிர்த்தும், வயிறு வெள்ளை. பருமன், எங்கே உட்கார்ந்தது, வாலை என்ன செய்தது: இந்த மூன்றையும் எழுதினால் பெயரைப் பிறகும் கண்டுபிடிக்கலாம். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். இங்கே சவுக்கு என்பது கிரெவில்லியா (சில்வர் ஓக்). தமிழ்நாட்டில் சவுக்கு வேறு மரம். "புலி வந்தது" என்றால் இங்கே சிறுத்தைதான், ஆனால் கண்டீர்களா, கால்தடம் பார்த்தீர்களா, லயத்தில் பேசிக்கொண்டார்களா? தடமென்றால் பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படமெடுங்கள். நகக்கீறல் தெரிந்தால் பெரும்பாலும் நாய்தான்.

கண்டதற்கு "க", கேட்டதற்கு "கே", அளந்ததற்கு "அ" என்று ஓரத்தில் குறி போடுவது நல்ல பழக்கம். விலைக்கும் இது பொருந்தும். 2020 மார்ச்சில் அரசு ஒரு கிலோ பருப்புக்கு 65 ரூபாயும் 425 கிராம் டின் மீனுக்கு 100 ரூபாயும் என்று உச்ச விலை குறித்தது. அது செய்தியில் கேட்ட விலை. கடையில் கொடுத்த விலை எவ்வளவு, அளவு எவ்வளவு, சாமான் இருந்ததா?

"ஊரடங்கால் பறவைகள் திரும்பி வந்தன" என்று காரணம் கட்டவும் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பல பறவைகள் பாடிக் கூடு கட்டும். பஸ், லொறிச் சத்தம் நின்றதும் அது காதில் விழுந்தது. அதற்கு முந்திய ஆண்டுக் குறிப்பு கையில் இல்லாதவரை கூடியதா குறைந்ததா என்று சொல்ல வழியில்லை.

கொப்பி விஷயம். ஜெல் பேனா மலைநாட்டு ஈரத்தில் ஊறிப் படரும். பென்சில் அல்லது சாதாரண போல்பொயின்ட் பேனா நிற்கும். தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். நனைந்த கொப்பியை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். அடுப்படிச் சூட்டில் காய வைத்த பிறகு மூடுங்கள். இலை, பன்னம் (பெரணி) அமுக்குவதானால் பத்திரிகைத் தாளை முதல் நான்கு நாளும் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பாதுகாக்கப்பட்ட வனத்திலிருந்து எதையும் பறித்து வராதீர்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த திகதி விவரம் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள்.

யாருக்கு நோய் வந்தது, எந்தக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள் என்பதைப் பெயரோடு எழுதினால் அந்தக் கொப்பியை இன்னொருவருக்குக் காட்ட முடியாது. "மூன்றாம் காம்பராவில் ஒருவர்" என்பதும் லயத்தில் பெயர் சொன்னதுபோலத்தான். "பக்கத்து வீடு ஒன்றில்" என்று நிறுத்துங்கள்.

விட்டுப்போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஞாபகத்தில் நிரப்பாதீர்கள். மழை அளவு ஞாபகத்தில் வராது, வருவதாகத் தோன்றும். அந்தத் திகதிகளுக்கு நேரே "எழுதவில்லை" என்று போடுங்கள். கட்டாயம் சேர்க்க வேண்டியது ஏதாவது இருந்தால், சேர்த்த திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.