இங்கிலாந்தின் அகழி மனைகளைப் பார்ப்பது எப்படி?

அகழி என்றதும் கோட்டையும் முதலையும் நம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில், குறிப்பாக சஃபோக், எசெக்ஸ் போன்ற களிமண் மாவட்டங்களில் உள்ள இடைக்கால அகழிகளில் பெரும்பாலானவை நிலவுடைமையாளர் ஒருவரின் வீட்டைச் சுற்றி வெட்டப்பட்டவை. பகைவரைத் தடுப்பதைவிட அவருடைய செல்வாக்கை ஊருக்குக் காட்டவே அவை உதவின. 1250 முதல் 1350 வரையிலான நூறாண்டுகளில்தான் இவை மிகுதியாகத் தோன்றின. பல இடங்களில் வீடு மறைந்து, புல் மூடிய மேடும் பள்ளமுமே எஞ்சியிருப்பதால், ஆயத்தமின்றிச் செல்பவர் ஏமாந்து திரும்ப நேரிடும்.

முதலில் பிரிட்டனின் தேசிய நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் பழைய பாணி எழுத்தில் ‘மோட்’ (Moat, அகழி) எனக் குறித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா என்பதை தொன்மைச் சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். பட்டியலில் இருப்பதாலேயே பொதுமக்கள் நுழையலாம் என்று பொருளல்ல. பொது நடைபாதை இல்லாவிட்டால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

புல் குட்டையாகவும் வெயில் சாய்ந்தும் இருக்கும் குளிர்காலக் காலையே ஏற்ற நேரம். நண்பகலில் கண்ணுக்குத் தப்பும் மேடுகூட அப்போது நிழலால் துலங்கும். உடனே நடுமேட்டில் ஏறிவிடாமல் வெளிக்கரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஓடையிலிருந்து நீர் வந்த வாய்க்கால், அது வெளியேறிய வழி, மேட்டுக்குச் செல்லும் மண்பாதை, அருகிலிருந்த மீன்குளத்தின் பள்ளம் ஆகியவற்றை இந்த வரிசையில் தேடினால் அமைப்பு விளங்கும். இதற்கு முன் கென்ட் மாவட்டத்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கும், அகழி சூழ்ந்த ஐட்டம் மோட் (Ightham Mote) மாளிகையைப் பார்த்திருந்தால், வெறும் மேட்டிலும் வீட்டைக் கற்பனை செய்வது எளிது.

அகழியின் அடிச்சேற்றை அழுக்கென்று எண்ணிவிட வேண்டாம். என் கணிப்பில் அங்குள்ள விலைமதிப்பற்ற பொருளே அதுதான். காற்றுப் புகாத ஈரத்தில் மரமும் தோலும் விதையும் மகரந்தமும் பல நூற்றாண்டுகள் அழியாமல் கிடக்கும். நீரை வடித்து உலரவிட்டால் அவை மக்கத் தொடங்கும். அதனால்தான் பாதுகாக்கப்பட்ட அகழியைத் தூர்வாருவதற்கும் முன்னனுமதி கேட்கப்படுகிறது. தொன்மைச் சின்னங்கள் குறித்த 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி அத்தகைய இடத்தில் உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது குற்றமாகும். நில உரிமையாளர் இசைந்தாலும் அது போதாது.

அகழெலி தள்ளிய மண்ணில் பானை ஓடு தென்பட்டால், அதை எடுக்காமல் அளவுகோலோடு படம்பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மாவட்டத்தின் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள்.