99 சதவீதம் வந்துவிட்டதா? முதலில் சந்தேகப்படுங்கள்

மார்ச் மாதம் வந்தால் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் பைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பத்து குழு வந்தால் அதில் இரண்டு குழு நெஞ்சு எக்ஸ்ரே பார்த்து நிமோனியா கண்டுபிடிக்கும் மாடல்தான் (படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர் நிரல்) செய்திருக்கும். அதுவும் எல்லாரும் ஒரே டேட்டாசெட் (படத் தொகுப்பு), காகிள் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிற அந்த 5,800 சொச்சம் படங்கள். எல்லாருக்கும் 95 சதவீதத்துக்கு மேல் அக்யூரசி, அதாவது மொத்தத்தில் எத்தனை படத்துக்குச் சரியாகச் சொன்னது என்ற கணக்கு, வந்திருக்கும். "இதை ஜிஎச்சில் கொண்டுபோய் வைக்கலாமா சார்?" என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு. வைக்கக் கூடாது, ஏன் என்று ஒவ்வொரு வருடமும் வாய் வலிக்கச் சொல்வதற்கு ஒரே தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தவறு, ஃபோல்டரைத் திறந்தே பார்க்காமல் டிரெயினிங்கை ஓட்டிவிடுவது. அந்தப் படங்கள் யாருடையவை என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவை சீனாவின் குவாங்சோ நகரத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையில் எடுத்தவை, எல்லாமே 1 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளின் எக்ஸ்ரே. குழந்தையின் நெஞ்சு பெரியவரின் நெஞ்சைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்காது. இதயம் அகலமாகத் தெரியும், தைமஸ் சுரப்பியின் நிழல் மேலே விழும். இதில் படித்த மாடலிடம் பீடி குடித்த அறுபது வயது தாத்தாவின் படத்தைக் காட்டினால் அது என்ன சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. 2020இல் கொரோனா வந்தபோது நடந்தது இதைவிட வேடிக்கை. 'கொரோனா இல்லாதவர்கள்' பக்கத்துக்கு இந்தக் குழந்தைப் படங்களையும், 'கொரோனா உள்ளவர்கள்' பக்கத்துக்குப் பெரியவர்கள் படங்களையும் வைத்து மாடல் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது கொரோனாவைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, குழந்தையா பெரியவரா என்று பார்த்தால் போதும், மார்க் வந்துவிடும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2,212 கட்டுரைகளில் ஆரம்பித்து, சலித்து எடுத்த 62 கட்டுரைகளின் மாடல்களை ஆராய்ந்துவிட்டு 2021இல் எழுதியது: மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுதியானது ஒன்றுகூட இல்லை.

சரி, அதே ஃபோல்டரில் இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். சரிபார்ப்புக்கு என்று கொடுத்திருக்கும் ஃபோல்டரில் மொத்தமே 16 படம்தான் இருக்கும். இது போதாதே என்று பையன்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, மாடலைப் பழக்கும் டிரெயினிங்குக்கு 80 சதவீதம், சோதிக்கும் டெஸ்டுக்கு 20 சதவீதம் என்று பிரிக்கிறார்கள். அங்கேதான் வினை. கோப்புப் பெயரைப் பாருங்கள், 'பெர்சன் 1 பாக்டீரியா 1', 'பெர்சன் 1 பாக்டீரியா 2' என்று இருக்கும், அதாவது ஒரே குழந்தைக்கு இரண்டு படம். குலுக்கிப் பிரித்தால் ஒரு படம் டிரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்டிலும் போய் உட்காரும். முதல் நாளே கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் பிள்ளை நன்றாக எழுதினான் என்று பூரிப்பது போலத்தான் இது. பிரிக்கும்போது நோயாளியை வைத்துப் பிரிக்க வேண்டும், படத்தை வைத்து இல்லை.

அப்புறம் அக்யூரசி. டிரெயினிங் ஃபோல்டரில் நார்மல் 1,341, நிமோனியா 3,875. படத்தையே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'நிமோனியா' என்று ஒரு கிளி சொன்னாலும் 74 சதவீதம் அங்கே கிடைத்துவிடும். அதனால் அக்யூரசி என்ற ஒற்றை எண்ணை என்னிடம் காட்டாதீர்கள். நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சும்மா விட்டது, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

படத்தைக் கையாள்வதிலேயே செய்யும் சில தவறுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். படங்களைப் பெருக்குவதற்காக இடவலமாகத் திருப்பிப் போடுவது: நெஞ்சு எக்ஸ்ரேயில் அப்படிச் செய்தால் இதயம் வலப்பக்கம் போய்விடும், அது நிஜத்தில் அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே அமைவது. எல்லாப் படத்தையும் 224க்கு 224 என்று சுருக்குவது: 43 சென்டிமீட்டர் உயரப் படத்தை 224 புள்ளியாக்கினால் ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர், நுரையீரலில் 5 மில்லிமீட்டர் கட்டி இருந்தால் அது இரண்டரைப் புள்ளி. நீங்களே மறைத்துவிட்டு மாடலைத் திட்டி என்ன பயன்?

இதெல்லாம் கவனமாகச் செய்தாலும் தப்பிக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதில் ரொம்ப சுவாரசியமான பகுதியும் அதுதான். மாடலுக்கு நோய் என்றால் என்ன என்று தெரியாது. விடை எதனால் சுலபமாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2018இல் இதை அழகாகக் காட்டினார்கள். அவர்கள் மருத்துவமனைப் படங்களில் 34 சதவீதம் நிமோனியா, வேறொரு மையத்தின் படங்களில் வெறும் 1 சதவீதத்துச் சொச்சம். இந்தப் படங்களை வைத்து, எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று சொல்ல ஒரு மாடலைப் பழக்கினால், அது ஏறக்குறையத் தவறே இல்லாமல் சொன்னது! எதை வைத்து? டெக்னீஷியன் இடது, வலது பக்கத்தைக் குறிக்க ஓரத்தில் வைக்கும் அந்தச் சின்ன உலோக எழுத்தும் அதற்கு ஒரு துப்பு. எந்த ஊர்ப் படம் என்று தெரிந்துவிட்டால் நிமோனியா இருக்குமா என்று ஊகிப்பது பெரிய காரியமா?

தோல் படங்களிலும் இதே கதை. சந்தேகமான மச்சத்தைச் சுற்றி மருத்துவர் ஊதா மையில் கோடு போட்டுவைப்பது வழக்கம். ஹைடல்பெர்க் குழு ஒன்று 2019இல், சாதாரண மச்சத்தின் பக்கத்தில் அந்த மைக்கோடு இருந்தால் மாடல் அதைப் புற்று என்று சொல்வது கூடுவதைக் காட்டியது. நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மாடல், ஏற்கெனவே வைத்தியம் ஆரம்பித்துச் செருகிய குழாயைப் பார்த்துவிட்டு 'ஆமாம், இருக்கிறது' என்று சொல்வதும் தெரிந்த கதைதான். குழாய் போட்டவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்ல கம்ப்யூட்டர் எதற்கு? மாடல் படத்தில் எந்த இடத்தைக் கவனித்தது என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும் ஹீட்மேப் போட்டு 'பாருங்க, நுரையீரலைத்தான் பார்க்குது' என்று காட்டுவார்கள். அந்தச் சிவப்பு தோள் ஓரத்திலோ எழுத்தின் மேலோ இருந்தால் தவறு என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். நுரையீரல் மேலேயே இருந்தாலும் அங்கே எதைப் பார்த்தது என்று அது சொல்லாது. ஒரே வழி, மாடல் கண்ணால் பார்த்திராத வேறு மருத்துவமனை, வேறு மெஷின் படங்களில் ஓட்டிப் பார்ப்பது. எண் அங்கே விழும். விழுந்த எண்ணையே ஸ்லைடில் போடுங்கள், நான் கூடுதலாகவே மார்க் போடுவேன்.

மாடல் உண்மையிலேயே நன்றாக இருந்தும் அறை சொதப்பிவிட்ட சம்பவமும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் பிடிக்க கூகுள் செய்த மாடல், 1,28,175 படங்களில் படித்தது, 2016இல் வெளிவந்தது, மதுரை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரடியாக நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2019இல் நன்றாகவே வந்தன. அதையே தாய்லாந்தில் 11 சிகிச்சை மையங்களில் வைத்தபோது முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மாடல் திருப்பி அனுப்பியது. அறையை இருட்டாக்க வழியில்லாத இடங்களில் நர்ஸுகள் படம் எடுத்தார்கள், நெட் மெதுவாக இருந்தது, படம் ஏறுவதற்காக ஜனங்கள் வரிசையில் காத்திருந்தார்கள். திருப்பி அனுப்பினால் நோயாளி வேறு ஊர் கண் மருத்துவரிடம் போக வேண்டும், அன்றைய கூலியும் போச்சு.

வெட்டுப்புள்ளியை, அதாவது மாடல் தரும் மதிப்பெண் எத்தனையைத் தாண்டினால் நோய் என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையை, 0.5 என்று வைத்துவிட்டுப் போவதும் பெரிய தவறு. காசநோய்க்கு எக்ஸ்ரே பார்க்கும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மனிதருக்குப் பதிலாகவே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. ஆனால் அது கொடுக்கும் மதிப்பெண் 80 என்றால் 80 சதவீதம் நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எத்தனைக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை அந்தந்த ஊரில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய காசநோய்த் தழும்பு உள்ள பெரியவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் அதே எண் வேறு பொருள் தரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய், மாடல் இருபக்கமும் 90 சதவீதம் சரி. 9 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் பிடிக்கும். கூப்பிட்டனுப்பிய 108 பேரில் உண்மை 9தான். இதைத் தெரியாமல் 108 வீட்டில் கலவரம் பண்ணக் கூடாது.

மருத்துவர் கூட இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார் என்று நினைப்பவர்களுக்கு: மார்பக எக்ஸ்ரே படிக்கும் 27 ரேடியாலஜிஸ்டுகளிடம், கம்ப்யூட்டர் சொன்னது என்று வேண்டுமென்றே சில தவறான பதில்களைக் காட்டிய சோதனை 2023இல் வெளியானது. நல்ல அனுபவசாலிகளே, கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னபோது 82 சதவீதம் சரி, தவறாகச் சொன்னபோது 46க்கும் கீழே. அதனால் முதலில் தன் கண்ணால் படித்து எழுதிவிட்டு அப்புறம் மென்பொருள் சொன்னதைத் திறப்பதுதான் பாதுகாப்பு என்பது என் கட்சி.

கடைசியாக வீட்டில் நடக்கிற தவறு. என் அத்தைக்கு மூன்று வாரமாக இருமல். அவர் பையன் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, அங்கிருந்து இறக்கி ஒரு ஆப்பில் போட்டிருக்கிறான். ஜன்னல் கம்பி நிழல், ஃபிலிம் மேல் டியூப்லைட் பளபளப்பு, வாட்ஸ்அப் நசுக்கியது வேறு. ஆப் 'நார்மல்' என்று சொல்லிவிட்டது. எனக்கும் அனுப்பி "சரிதானே அண்ணா?" என்று கேட்டான். எனக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாதுடா என்றேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் படம் எப்படி இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்துவிட வேண்டும், காசு கிடையாது, அதைத்தான் சொன்னேன். மறுநாள் காலை அத்தை டப்பாவோடு போனார், ரிசல்ட் வரும்வரை அந்த ஆப்பை யாரும் திறக்கவில்லை.